பதனமாகத் தூக்கினேன்

அவர் வலது கால் பெருவிரலால் இடது கணுக்காலைச் சொறிந்துகொண்டார். எறும்பு ஏறியிருந்தது. நான் பார்த்தேன்.

தை மாதம். காலை வெயில். களத்தில் மாரிமுத்து மல்லாந்து கிடந்தார். பக்கத்தில் ஒரு நெல் மூட்டையும் கிடந்தது. லாரியிலிருந்து இரண்டும் சேர்ந்தே விழுந்தன என்றார்கள். மூட்டை தையல் விட்டு நெல் சிந்தியிருந்தது. அவர் மேல் ஒரு கீறல் இல்லை.

போன வாரம் இந்தத் தொடரில், நான் ஓட்டிய ஆஸ்பத்திரி வேனுக்குள் பிறந்த குழந்தையைப் பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டு மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர் கடிதம் போட்டிருந்தார். ‘எத்தனை உயிரைச் சுமந்த தோள், அதைத் தொட்டுக் கும்பிட வேண்டும்’ என்று எழுதியிருந்தார். பத்திரிகை ஆபீஸில் அதை எனக்கு அனுப்பிவைத்தார்கள்.

இரண்டு நாள் மடித்தே வைத்திருந்தேன். அந்தத் தோளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லாமல் அடுத்த கதைக்குப் போக முடியவில்லை.

மில்லில் கற்றது

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதற்குப் பிறகு ரைஸ் மில். மூட்டை தூக்கும் வேலை.

மூட்டையைத் தூக்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. குனிந்து, அதன் நடுவில் தோளைக் கொடுத்து, ஒரே உலுக்கு. மூட்டை தோளில் மடிந்து உட்கார வேண்டும். முன்பாதி மார்பில், பின்பாதி முதுகில். மடியாத மூட்டை சரிந்துவிடும். மடிய வைப்பதுதான் வித்தை. எனக்கு அது சீக்கிரம் வந்துவிட்டது.

பதனம் என்று எங்கள் பக்கம் சொல்வோம். ஜாக்கிரதை என்று அர்த்தம். “பதனமா தூக்குடா” என்று மேஸ்திரி கத்துவார். மில்லில் அதற்கு ஒரே பொருள்தான். தையல் விடக்கூடாது. நெல் சிந்தக்கூடாது.

மில் லாரியிலேயே ஓட்டப் பழகினேன். ஹெவி லைசென்ஸ் எடுத்தேன். அது இருந்ததால் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். சின்ன ஊர் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம்.

ரிவர்ஸ் பரீட்சை

வேலைக்கு எடுக்கும்போது ஒரு பரீட்சை வைத்தார்கள். வேனை ரிவர்ஸில் எடுத்து ஷெட்டுக்குள் விடச் சொன்னார்கள். விட்டேன்.

டாக்டர் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். “ரத்தத்தைப் பாத்தா மயக்கம் வருமா?” என்றார்.

“வராதுங்க.”

“சேர்ந்துக்க.”

அவ்வளவுதான் பயிற்சி. மறுநாள் காலையில் வயலில் பாம்பு கடித்த ஒருவரைப் போய் எடுத்து வந்தேன். கட்டு எங்கே போடுவது, போடலாமா கூடாதா, ஒன்றும் தெரியாது. வழியில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். வேகமாக ஓட்டினேன். அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம்.

வேனில் டிரைவரோடு ஒரு ஆள் போக வேண்டும் என்று ரூல் இருந்தது. அந்த இடம் காலி. நான் இருந்த காலம் வரை காலியாகவே இருந்தது. ஓட்டுவது நான், தூக்குவது நான், கழுவுவது நான். ஷெட்டிலேயே படுத்துக்கொள்வேன். லீவு என்று ஒன்று கிடையாது. வேலைக்கு வந்த நாளுக்குக் கூலி. காய்ச்சலில் படுத்தால் அதுவும் இல்லை.

ஒரு ஸ்ட்ரெச்சர் இருந்தது. அதைப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒற்றை ஆளுக்கு அது எதற்கு? அதில் ஸ்டெப்னி டயரை வைத்துக் கட்டியிருந்தேன். ரோட்டில் உருளாமல் இருக்கும்.

இதை எழுதக் கை கூசுகிறது. அப்போது கூசவில்லை. நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன். இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த ஆபீசரும் பார்த்துவிட்டு, “பரவால்லயே, இடம் மிச்சம்” என்றார்.

வேலை நிரந்தரமாகும் ஃபைல் மெட்ராஸ் போயிருக்கிறது என்று ஹெட்கிளார்க் சொல்லிக்கொண்டே இருந்தார். வட்டத்தில் கரைவேட்டி கட்டியவர் யாரைப் பார்த்தாலும் கும்பிட்டேன். மாநாடு என்றால் போய் நின்றேன். ஃபைல் வரவில்லை.

அதே காலத்தில் சுற்றுப்பட்டில் விவசாயக் கூலிகள் சங்கம் வைத்துக் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வரப்புக்கு வரப்பு சிவப்புக் கொடி. அறுப்புக்கு வெளியூர் ஆள் இறங்கும். இவர்கள் மறிப்பார்கள். போலீஸ் வரும். பிறகு நான் போவேன்.

அவர்கள் கேட்டார்கள், அடிபட்டார்கள். நான் கேட்கவில்லை. கேட்பவர்களைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

மூட்டை வேன்

மற்ற டிரைவர்கள் கப்பி ரோட்டிலேயே நின்று ஆரன் அடிப்பார்கள். கூலிக்காரர்கள் தெருவுக்குள் போக மாட்டார்கள். தெருக்காரர்கள்தான் சீக்காளியைக் கட்டிலோடு தூக்கிவந்து ரோட்டில் வைக்க வேண்டும். அதுதான் வழக்கம்.

நான் உள்ளே போவேன். வேன் போகாத இடத்துக்கு நடந்து போவேன். பெரிய மனசு என்று நினைக்க வேண்டாம். காத்து நிற்கப் பொறுமை கிடையாது. தூக்கத் தெரியும் என்ற திமிரும் உண்டு.

“மூட்டை வேன் வருதுடா” என்பார்கள். “சீக்காளி எந்திரிச்சு உக்காந்துக்கடா. இல்லாட்டி தோள்ல போட்டுக்கிட்டுப் போயிருவாரு.”

சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

பெரிய வீட்டுக்காரர்கள் சிலருக்குப் பிடிக்கவில்லை. “அவனுவளைப் படுக்க வச்ச சீட்டுலயா எங்க அம்மாவை ஏத்துறது?” என்று ஒரு வீட்டில் கேட்டார்கள். பினாயில் ஊற்றி அவர்கள் கண் முன்னாலேயே கழுவினேன். கழுவியிருக்கக்கூடாது என்று இப்போது தோன்றுகிறது. அது வேறு வெட்கம்.

களம்

மாரிமுத்து சங்கத்துக்காரர். முப்பது வயது இருக்கும். அன்று மிராசுதார் கூலி நெல் அளக்காமல் மூட்டைகளை லாரியில் ஏற்றிவிட்டார். அளந்துவிட்டு எடுங்கள் என்று இவர்கள் மறித்தார்கள். மாரிமுத்து லாரியில் ஏறி மூட்டைகள் மேல் உட்கார்ந்துகொண்டார். எடு வண்டியை என்று யாரோ கத்த, டிரைவர் எடுத்துவிட்டார். லாரி குலுங்கியதும் இவர் பின்னால் விழுந்தார். லாரி நிற்கவில்லை.

தபாலாபீசிலிருந்து போன் வந்தது. போனேன்.

லாரி போன தடத்தில் சக்கரப் பள்ளம் முழங்கால் ஆழம். வேன் அடி தட்டும். ரோட்டிலேயே நிறுத்திவிட்டு வாய்க்கால் வரப்பில் நடந்தேன். நடுவில் வாய்க்காலுக்குக் குறுக்கே ஒரு தென்னைமரம் போட்டிருந்தது. அதைத் தாண்டினால் களம்.

சுற்றி முப்பது பேர் நின்றார்கள். ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவந்திருந்தால் பிடிக்க அறுபது கை இருந்தது.

அவர் பேசிக்கொண்டுதான் இருந்தார். “இடுப்பு மட்டும் புடிச்சிருக்குங்க. அசைஞ்சா உசுரு போவுது” என்றார். அப்போதுதான் அந்த எறும்பு. பெருவிரலால் சொறிந்தார்.

அவர் மனைவி காத்தாயி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. நான் குனிந்ததும் கையை நீட்டித் தடுத்தாள்.

“தூக்காதீங்கய்யா. வீட்டுக் கதவைக் கழட்டியாரப் போயிருக்காங்க. அதுல கிடத்தி எடுத்துக்கிட்டுப் போவலாம்.”

“கதவு எதுக்கும்மா?”

“ஒரத்தநாட்டு மாட்டு டாக்டரு அப்படித்தான் செஞ்சாருங்க. எங்க பசு பள்ளத்துல விழுந்தப்போ. வளைக்காம பலகையில வச்சு எடுங்கன்னாரு.”

“மாடும் மனுசனும் ஒண்ணா?” என்றேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாரிமுத்துகூட சிரித்தார். “இவளுக்கு நானும் மாடும் ஒண்ணுதாங்க” என்றார்.

அவள் சிரிக்கவில்லை. “செத்த பொறுங்கய்யா” என்றாள்.

“எத்தனை பேரைத் தூக்கியிருக்கேன். நவுரும்மா.”

நகர்ந்தாள். “பதனமாய்யா” என்றாள்.

பதனமாகத்தான் தூக்கினேன். எனக்குத் தெரிந்த பதனம். உட்காரவைத்து, குனிந்து, அவர் இடுப்பில் தோளைக் கொடுத்து, ஒரே உலுக்கு. அவர் ஒரு சத்தம் போட்டார். என் தோளில் மடிந்து உட்கார்ந்தார். முன்பாதி, பின்பாதி. ஒரு சொட்டு ரத்தம் சிந்தவில்லை.

அவர் இரண்டு கால்களையும் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்தேன். தலை என் முதுகுப் பக்கம் தொங்கியது. தென்னைமரத்தைத் தாண்டினேன். பின்னால் யாரோ, “பாருடா, ஒத்த ஆளு” என்றார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

பாதி வழியில் முதுகுப் பக்கமிருந்து குரல் வந்தது.

“அண்ணே, என் காலு எங்க இருக்கு?”

“என் கையிலதான்யா. புடிச்சிருக்கேன்.”

நாலு எட்டு நடந்தேன்.

“புடிச்சிருக்கீங்களா?” என்றார். “தெரியலையே.”

களத்தில் அவர் என்னை அண்ணே என்று கூப்பிடவில்லை. வரப்பில்தான் கூப்பிட்டார்.

அந்தக் கால் அதற்குப் பிறகு அசையவில்லை.

கவனிக்கலைங்க

எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து அவரைத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மாசக்கணக்கில் வைத்திருந்தார்கள். முதுகெலும்பு ஒடிந்திருக்கிறது, இனி நடக்க முடியாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஏன் என்று எனக்கு அப்போது தெரியாது. ஆனால் என் தோளில் ஏறும் முன் அசைந்த கால் இறங்கும்போது அசையவில்லை என்பது தெரியும். அது தெரிய டாக்டர் வேண்டாம்.

லாரி டிரைவர் மேல் கேஸ். என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். அதற்கு முந்தின நாள் ஹெட்கிளார்க் கூப்பிட்டார்.

“வீரையன், என்ன சொல்லப் போறே?”

“பாத்ததைச் சொல்றேங்க.”

“என்ன பாத்தே?”

எறும்பைச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

“நீ தினக்கூலி. ஃபைல் மெட்ராசுல இருக்கு. ஆஸ்பத்திரி வேன்ல ஏத்துனப்பதான் கால் போச்சுன்னு பேப்பர்ல வந்துச்சுன்னா அந்த ஃபைலு என்ன ஆவும்? நான் பொய் சொல்லச் சொல்லல. எறும்பையெல்லாம் ஏன் பாத்துக்கிட்டு நிக்கிறே?”

கோர்ட்டில் லாரி டிரைவருடைய வக்கீல் கேட்டார். “நீங்க போனப்போ அவருக்குக் கால் அசைஞ்சுதா?”

“கவனிக்கலைங்க.”

“யோசிச்சுச் சொல்லுங்க.”

“கவனிக்கலைங்க.”

லாரி டிரைவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரை மில்லிலேயே தெரியும். ஒரு பீடியை இரண்டு பேரும் பாதிப்பாதி பிடித்திருக்கிறோம். ஆள் மேலே இருக்கும்போது வண்டியை எடுத்தது அவர் தப்பு. கால் போனதில் எவ்வளவு அவர் தப்பு, எவ்வளவு என் தப்பு என்பதை நான் சொல்லியிருந்தால் கோர்ட் பார்த்திருக்கும். நான் சொல்லவில்லை. முழுதும் அவர் மேல் போயிற்று. உள்ளே போனார். வெளியே வந்த பிறகு பேராவூரணிப் பக்கம் தேங்காய் லோடு ஓட்டுவதாகக் கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கவில்லை.

காத்தாயியையும் கேட்டார்கள். “லாரியிலேர்ந்து விழுந்தாருங்க” என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. கதவைப் பற்றிப் பேசவில்லை. அவளுக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நிம்மதியாக இருந்தது.

அடுத்த அறுப்புக்குள் ஆர்டர் வந்தது. நிரந்தரம். காக்கிச் சட்டை தைத்துக்கொண்டேன். கும்பகோணம் போய் வீட்டுக்கு ஒரு பித்தளைக் குடம் வாங்கினேன். அந்தக் குடம் இன்னும் இருக்கிறது.

பொங்கலுக்குப் பொங்கல் மாரிமுத்து வீட்டிலிருந்து பரங்கிக்காய் வரும். ‘தோள்ல தூக்கிட்டு வந்து உசுரைக் காப்பாத்துன அண்ணனுக்கு’ என்று சொல்லி அனுப்புவார். என் மனைவி சமைப்பாள். நான் தின்பேன்.

பொம்மை

பல வருஷம் கழித்து மாவட்டத்துக்குப் புது வண்டிகள் வந்தன. பழைய டிரைவர்களுக்கு மூன்று நாள் பயிற்சி என்று கூப்பிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த பிறகு எனக்குக் கிடைத்த முதல் பயிற்சி அதுதான். தலை பாதி நரைத்திருந்தது.

சொல்லிக்கொடுத்தது ஒரு நர்ஸ். என் மகள் வயது இருக்கும். ஆள் உயரத்துக்கு ஒரு பொம்மையைத் தரையில் போட்டிருந்தார்.

“இவர் மரத்துலேர்ந்து விழுந்துட்டார். இடுப்பு வலிங்கிறார். யாராவது தூக்கிக் காட்டுங்க.”

“வீரையண்ணனைக் கூப்பிடுங்க. அவருதான் இதுல மன்னன்” என்றார்கள்.

எழுந்து போனேன். தூக்கினேன். ஒரே உலுக்கு. எல்லோரும் கை தட்டினார்கள்.

நர்ஸ் தட்டவில்லை. “இறக்கி வைங்கய்யா” என்றார். இறக்கினேன். மரியாதையாகத்தான் சொன்னார்.

“ஐயா, தண்டுவடம்னு முதுகெலும்புக்குள்ள ஒரு கயிறு மாதிரி ஓடுது. விழுந்ததுல எலும்பு மட்டும் ஒடிஞ்சு கயிறு தப்பிச்சிருக்கலாம். நீங்க மடிச்சப்ப அந்த எலும்பே கயித்தை அறுத்துடுச்சு. இவருக்கு இனி இடுப்புக்குக் கீழ ஒண்ணும் இல்ல.”

பிறகு ஒரு பலகையைக் கொண்டுவந்து வைத்தார். நாலு பேர் சேர்ந்து, ஒருவர் தலையைப் பிடித்து எண்ண, உடம்பை வளைக்காமல் கட்டை மாதிரி உருட்டிப் பலகையில் ஏற்ற வேண்டும். செய்து காட்டினார்.

வீட்டுக் கதவு அளவுதான் இருந்தது அந்தப் பலகை.

வெளியே போய்க் குழாயில் தண்ணீர் குடித்தேன். ரொம்ப நேரம் குடித்தேன். உள்ளே போனபோது காயத்துக்குக் கட்டுப் போடச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நாள் சர்டிபிகேட் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

இன்றைக்கு ஓட்டுகிற பையன்களைப் பார்க்கிறேன். வண்டியில் பலகை இருக்கிறது, பெல்ட் இருக்கிறது, படித்த ஆள் ஒருவர் கூட வருகிறார். அவர்களும் ஒப்பந்தக் கூலிதான், பன்னிரண்டு மணி நேரம் என்கிறார்கள். தப்பு நடந்தால் சொல்வார்களா என்று கேட்க நினைப்பேன். கேட்க எனக்கு வாய் கிடையாது.

கதவு

பயிற்சி முடிந்த மறுநாளே மாரிமுத்து வீட்டுக்குப் போனேன். அத்தனை வருஷத்தில் பரங்கிக்காய் என் வீட்டுக்கு வந்ததே தவிர, நான் அங்கே போனதில்லை.

வாசலில் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து சாக்கு தைத்துக்கொண்டிருந்தார். கிழிந்த சாக்குகளை மில்லிலிருந்து கொண்டுவந்து போடுவார்களாம். கையில் கோணூசி. கால்கள் குச்சியாகப் போயிருந்தன.

“வாங்கண்ணே” என்றார். “காத்தாயி, யாரு வந்திருக்கா பாரு.”

உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே சொன்னேன். நின்றால்தான் சொல்ல முடியும் போலிருந்தது. எறும்பைச் சொன்னேன். பொம்மையைச் சொன்னேன். கோர்ட்டில் சொன்னது பொய் என்று சொன்னேன்.

அவர் ஊசியைச் சாக்கில் குத்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார். பிறகு மறுபடி தைக்க ஆரம்பித்தார்.

காத்தாயி உள்ளேயிருந்து வந்திருந்தாள். எல்லாம் கேட்டிருந்தாள்.

“எனக்கு அன்னைக்கே தெரியும்” என்றாள்.

“கோர்ட்டுல ஏம்மா சொல்லல?”

“சொல்லியிருந்தா உங்களுக்கு வேலை போயிருக்கும்.”

கும்பிடக் கை எடுத்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

“உங்களுக்காவ இல்ல” என்றாள். “உங்களை எடுத்துட்டா அடுத்து வர்றவன் ரோட்டுலயே நின்னு ஆரன் அடிப்பான். அப்ப எங்க தெருவுல மூணு பொம்பளைங்க நெறமாசம். உள்ள வர்றது ஒரே ஒரு வேனு. என் புருசன் காலுதான் போயிடுச்சே. அதுக்காவ அதுவளையும் சாவ வுடணுமா?”

பரங்கிக்காயை அனுப்பியது அவரா இவளா என்று கேட்கவில்லை.

வெயில் கட்டிலுக்கு வந்துவிட்டது. அவரை நிழலுக்கு மாற்ற வேண்டும். காத்தாயி சுவரோரம் சாய்த்திருந்த பலகையை எடுத்துவந்தாள். பழைய கதவு. கீல் இருந்த இடத்தில் ஓட்டை இருந்தது. இத்தனை வருஷமும் இழுக்காமல் அதில் வைத்துத்தான் மாற்றுகிறாள். அதனால்தான் முதுகில் புண் இல்லாமல் இருக்கிறார்.

வழக்கமாகப் பக்கத்து வீட்டிலிருந்து ஆள் கூப்பிடுவாள் போலிருக்கிறது. அன்று கூப்பிடவில்லை.

அவரை உருட்டிக் கதவில் ஏற்றினாள். எங்கே கை வைக்க வேண்டும் என்று எனக்குக் காட்டினாள். வைத்தேன். பிறகு கால்மாட்டுக்குப் போனாள்.

“தலைமாட்டைப் புடிங்க” என்றாள். “நான் சொன்ன பொறவு தூக்குங்க.”

குனிந்து பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் சொன்ன பிறகுதான் தூக்கினேன்.